சிறு சமூகங்களில் தலைமை, அதிகாரம், எதிர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜா இல்லை, போலீஸ் இல்லை, சிறை இல்லை, வரி இல்லை. அப்படி வாழ்ந்த மக்களிடம் யார் சொன்னதை யார் கேட்டார்கள்? கேட்காதவரை என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்கள் இங்கே.

எவ்வளவு சிறியதாக இருந்தால் ‘சிறு சமூகம்’?

இருபது முப்பது பேராகச் சேர்ந்து திரியும் வேட்டைக் குழுவும் இதில் அடக்கம், சில நூறு பேர் வாழும் கிராமமும் அடக்கம். தான்சானியாவின் ஹட்ஸா மக்கள் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். தெற்கு சூடானின் நூயர்கள் பல லட்சம் பேர், நைஜீரியாவின் இக்போக்கள் கோடிக்கணக்கில். ஆனாலும் காலனி ஆட்சிக்கு முன் அவர்களில் பெரும்பாலோருக்கு மேலே ஓர் அரசு இருந்ததில்லை, விவகாரங்களை ஊர் அளவிலேயே முடித்துக்கொண்டார்கள் என்பதால் அவர்களையும் இதில் சேர்த்துப் பேசுவது வழக்கம். முடிவெடுக்கும் ஆளின் முகத்துக்கு நேரே நின்று ‘முடியாது’ என்று சொல்ல முடிகிற தூரத்தில் எல்லோரும் வாழ்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தலைகளை எண்ணுவது அதற்கு அப்புறம்.

தலைவரே இல்லாத சமூகம் உண்டா?

சொல்லுக்கு மதிப்புள்ள ஆட்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மதிப்பு ஒரு விஷயத்தோடு நின்றுவிடும். தடம் பார்க்கத் தெரிந்தவர் சொன்னால் அவர் பின்னால் வேட்டைக்குப் போவார்கள். அவரே ஒரு குடும்பச் சண்டையில் மூக்கை நுழைத்தால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். தலைமை இருக்கிறது, அதிகாரம் இல்லை. இவை இரண்டும் தனித்தனிச் சரக்கு என்பது அரசுக்குக் கீழேயே பிறந்து வளர்ந்த நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை.

சரி, கட்டளையிட முடியாத தலைவருக்கு என்னதான் வேலை?

சண்டையைத் தீர்ப்பது, கையில் இருப்பதைக் கொடுப்பது, நன்றாகப் பேசுவது. அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றி எழுதியவர்கள் இந்த மூன்றையும்தான் மறுபடி மறுபடி குறிப்பிடுகிறார்கள். பிரேசிலின் நம்பிக்வாரா குழுத்தலைவரிடம் 1930களின் இறுதியில் வெளியாட்கள் ஏதாவது பரிசு கொடுத்தால், அது சீக்கிரமே மற்றவர்கள் கைக்குப் போய்விடும். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும் தலைவரை விட்டு ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள். அடுத்து எங்கே முகாம் போடுவது, உணவு எங்கே கிடைக்கும் என்று கவலைப்படுவதும் அவர் தலையில்தான். பலபேர் அந்தப் பதவியே வேண்டாம் என்று ஒதுங்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

வெறும் பேச்சால் ஒரு கொலை வழக்கைத் தீர்க்க முடியுமா?

முடிந்திருக்கிறது. பிரிட்டிஷ் மானுடவியலாளர் இவான்ஸ்-பிரிச்சார்ட் 1930களில் நூயர்களிடையே இருந்தபோது பதிவு செய்த நடைமுறை இது. ஒருவர் இன்னொருவரைக் கொன்றுவிட்டால் நேராகச் ‘சிறுத்தைத்தோல் தலைவர்’ வீட்டுக்கு ஓடுவார். தோளில் சிறுத்தைத் தோல் போர்த்தும் உரிமை உள்ளவர் என்பதால் அந்தப் பெயர். அவர் கொலையாளியின் கையைக் கீறி ரத்தம் வழியவிடுவார். அதுவரை கொலையாளி சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது. அந்த வீட்டு எல்லைக்குள் அவரை யாரும் தொட மாட்டார்கள். இறந்தவரின் உறவினர்கள் ஈட்டியோடு வெளியே காத்திருப்பார்கள்.

சில வாரங்கள் போகும், சூடு தணியும். பிறகு தலைவர் இரண்டு பக்கமும் நடையாக நடப்பார். ஈடாக எத்தனை மாடு என்று பேச்சு நடக்கும். நாற்பது, ஐம்பது என்பது வழக்கமான கணக்கு. இறந்தவர் தரப்பு முதலில் மறுக்கும். மறுத்தே ஆக வேண்டும், உடனே சம்மதித்தால் மானம் போய்விடும். தலைவர் கெஞ்சுவார், வாதாடுவார், கடைசியில் சாபம் விடுவதாக மிரட்டுவார். ‘உங்கள் முகத்துக்காக ஒப்புக்கொள்கிறோம்’ என்ற தோரணையில் அவர்கள் இறங்கி வருவார்கள்.

இந்தத் தலைவருக்கு ஆள்படை கிடையாது. யாரையும் வரச்சொல்லி உத்தரவிட முடியாது, தீர்ப்பைத் திணிக்கவும் முடியாது. சமாதானம் ஆக வேண்டும் என்று இரண்டு தரப்பும் உள்ளுக்குள் நினைத்தால்தான் அவர் சாபத்துக்கு வலு. இரண்டு தரப்பும் தூரத்து ஊர்க்காரர்களாக இருந்தால் பெரும்பாலும் பகை பகையாகவே நீடிக்கும்.

யாராவது தலைக்கனம் பிடித்து ஆட ஆரம்பித்தால்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சமத்துவம் தானாக வந்து உட்கார்ந்துகொள்வதில்லை. அதைத் தினமும் காவல் காக்கிறார்கள், அதுவும் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

களஹாரிப் பாலைவனத்தின் ஜுஹோவான்சி மக்களிடையே 1960களில் வேலை செய்த மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ, கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கொழுத்த எருது ஒன்றை வாங்கினார். பார்த்தவர்கள் எல்லாம் ‘எலும்புக்கூட்டை வாங்கியிருக்கிறாயே’, ‘இதைத் தின்றால் பசிதான் மிஞ்சும்’ என்று நாள்கணக்கில் நொட்டை சொன்னார்கள். வெட்டிப் பார்த்தால் விரல் தடிமனுக்குக் கொழுப்பு! பிறகுதான் விளக்கம் கிடைத்தது. பெரிய விலங்கை வீழ்த்திய இளைஞன் தன்னைத் தலைவனாகவும் மற்றவர்களை வேலைக்காரர்களாகவும் நினைக்க ஆரம்பிப்பான். அந்த அகங்காரம் ஒருநாள் யாரையாவது கொல்லும். அதனால் அவன் கொண்டுவரும் கறியை எப்போதும் மட்டம்தட்டியே பேசுவார்கள். வேட்டைக்காரனும் சும்மா இருக்க மாட்டான், ‘பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை’ என்றுதான் முகாமுக்குள் நுழைவான்.

இதில் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. கறி சொந்தமாவது அம்பு எய்தவனுக்கு இல்லை, அம்பின் சொந்தக்காரருக்கு. அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டே இருப்பதால் வேட்டைக்கே போகாத கிழவர்களும் பெண்களும்கூடக் கறியைப் பங்கிடும் பெருமையைப் பெறுகிறார்கள்.

கேலிக்கு அடுத்த படி ஒதுக்கிவைப்பு. காங்கோவின் இதூரி காட்டு ம்புட்டி மக்கள் வரிசையாக வலைகட்டி, பெண்களும் சிறுவர்களும் விலங்குகளை விரட்ட, கூட்டாக வேட்டையாடுவார்கள். 1950களில் ஒருவர் தன் வலையை மற்றவர்கள் வலைக்கு முன்னால் கொண்டுபோய்க் கட்டி, முதலில் வரும் விலங்குகளைத் தட்டிக்கொண்டார். அன்று மாலை அவர் முகாமின் நடுவுக்கு வந்தபோது உட்கார யாரும் இடம் விடவில்லை. ஒரு சின்னப் பையன்கூட எழுந்திருக்கவில்லை. ‘நான் முக்கியமான ஆள், ஒரு தலைவன்’ என்று அவர் வாய்விட்டதுதான் தாமதம், ‘தலைவரென்றால் தாராளமாகப் போய்த் தனி முகாம் நடத்திக்கொள்ளலாமே’ என்று பதில் வந்தது. நாலைந்து குடும்பத்தை வைத்துக்கொண்டு வலை வேட்டை நடத்த முடியாது. அழுது, மன்னிப்புக் கேட்டு, கறியை எல்லாம் ஒப்படைத்தார். பிரச்சினை அன்றே முடிந்தது. அடி உதை எதுவும் நடக்கவில்லை.

எதற்கும் அடங்காதவரைக் கொல்வதும் நடந்திருக்கிறது. ஜுஹோவான்சிகளிடையே ஒன்றுக்கு மேற்பட்ட கொலைகளைச் செய்த ஒருவரை முகாமே சேர்ந்து வளைத்தது. விஷ அம்புகள் உடலெங்கும் தைத்தன. அவர் இறந்த பிறகு ஆண்களும் பெண்களும் ஒவ்வொருவராக வந்து உடலை ஈட்டியால் குத்தினார்கள். எல்லோரும் குத்தியதால் தனியாக ஒருவர்மேல் பழி வரவில்லை. அதனால் பழிக்குப் பழி தொடரவும் இல்லை. சிறு சமூகங்களை அன்பே உருவானவை என்று எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவதைக் கவனித்திருக்கிறேன்.

வதந்தியும் கேலியும் உண்மையிலேயே அவ்வளவு வலுவான ஆயுதமா?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. வேறு ஊருக்குப் போய்ப் புது ஆளாக வாழ்ந்துகொள்ளலாம் என்ற வசதி இருப்பவருக்கு வேண்டுமானால் ஊர்ப்பேச்சு பொருட்டில்லாமல் போகலாம். நாளைக்குக் கறியும் கிழங்கும் இதே முப்பது பேரிடமிருந்துதான் வர வேண்டும் என்றால் கதையே வேறு. கிரீன்லாந்தின் இன்யூட்டுகள் இதைக் கலையாகவே வளர்த்தார்கள். பகையாளிகள் இருவர் ஊர் முன்னால் முரசோடு நின்று ஒருவரையொருவர் கிண்டலடித்துப் பாடுவார்கள், யார் பாட்டுக்குச் சிரிப்பு அதிகம் என்பதே தீர்ப்பு.

இந்த ஆயுதத்துக்கு அசிங்கமான பக்கமும் உண்டு. சூனியக் குற்றச்சாட்டு பல இடங்களில் மேலே வருபவரைக் கீழே இழுத்திருக்கிறது. ஆனால் அதே குற்றச்சாட்டு ஆதரவில்லாத கிழவிகள் மேலும் விழுந்திருக்கிறது.

பாப்புவா நியூகினியின் ‘பெரிய மனிதர்கள்’ பணக்காரர்களா?

வைத்திருப்பதால் பெரியவர் ஆனவர்கள் இல்லை, கொடுத்துப் பெரியவர் ஆனவர்கள். ஹேகன் மலைப் பகுதியின் மெல்பா மக்களிடம் ‘மோகா’ என்றொரு முறை உண்டு. ஒருவர் பன்றிகளைக் கொடுப்பார். வாங்கியவர் சில வருடம் கழித்து அதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும், அந்தக் கூடுதல்தான் கௌரவம். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பன்றிகளை வரிசையாகக் கட்டி ஒப்படைக்க வேண்டுமென்றால் பல வருடம் ஓடி ஓடிக் கடன் கேட்டு, உறவுகளைச் சரிக்கட்டி, தேதி தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கழுத்தறுத்தால் மொத்தமும் சரியும். மகனுக்கு எழுதிவைக்க இதில் ஒன்றும் மிஞ்சாது. மகனும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அந்தப் பன்றிகளை வளர்த்தவர்கள் மனைவிமார். பெருமை மட்டும் மேடையேறியவருக்கு. மோகாவைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

1930களில் வெள்ளைக்காரர்கள் விமானத்தில் முத்துச்சிப்பிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கூலியாகக் கொடுத்தார்கள். மோகாவில் பன்றியோடு சிப்பியும் கைமாறும். அதுவரை அது கிடைக்கும் வழி சில பெரிய மனிதர்கள் கையில்தான் இருந்தது. சிப்பி மலிந்ததும் சாதாரண இளைஞர்களும் மோகாவில் இறங்கினார்கள், பழைய ஆட்களின் பிடி தளர்ந்தது.

அப்படியென்றால் பரம்பரை அதிகாரம் எங்கே, எப்படி முளைக்கிறது?

விவசாயம் வந்தது, அரசன் வந்தான் என்பது பள்ளிக்கூடச் சுருக்கம். வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் விவசாயமே இல்லை. ஆனால் அங்கே பிரபுக்கள் இருந்தார்கள், அடிமைகளும் இருந்தார்கள். ஆண்டுதோறும் ஒரே ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீனைப் பிடித்து, உலர்த்தி, குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள். எந்த இடத்தில் வலை போடுவது என்ற உரிமை குறிப்பிட்ட குடும்பங்களுக்குச் சொந்தமானது. சேமிக்க முடிந்த பொருளும், விட்டுவிட்டுப் போக மனம் வராத இடமும் சேர்ந்தால், அந்த இடத்தைக் கையில் வைத்திருப்பவருக்குப் பணிந்துபோக வேண்டியிருக்கிறது.

என் அபிப்பிராயத்தில் கதவு திறந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பிடிக்காத தலைவரை விட்டு மூட்டைகட்ட முடிகிற இடத்தில் அதிகாரம் வேர்விடுவது கஷ்டம். சுற்றிலும் கடல், பாலைவனம், எதிரிகள் என்று வழி அடைபட்ட இடத்தில் அதே தலைவரின் பேரன் பிறக்கும்போதே தலைவன்.

அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

சில சமூகங்கள் இதை அழகாகச் செய்திருக்கின்றன. வட அமெரிக்கச் சமவெளியின் செயென் மக்களுக்கு நாற்பத்து நான்கு பேர் கொண்ட சபை உண்டு, பதவிக்காலம் பத்து வருடம். அவர்கள் சமாதானத் தலைவர்கள். காட்டெருமைக் கூட்டு வேட்டை சமயத்தில் ஒழுங்கைக் காப்பது போர்வீரர் சங்கங்களின் பொறுப்பு. ஒருமுறை இரண்டு பையன்கள் கூட்டத்தை முந்திக்கொண்டு தனியாக வேட்டையாடப் போனார்கள். அவசரக்காரன் ஒருவன் கிளப்பிவிட்டால் மொத்த மந்தையும் ஓடிவிடும், முகாமே பட்டினி. சங்கத்தார் அவர்களைச் சாட்டையால் அடித்து, குதிரைகளைச் சுட்டு, துப்பாக்கிகளை உடைத்துப்போட்டார்கள். பையன்கள் தப்பை ஒத்துக்கொண்டதும் அதே ஆட்கள் தங்களுக்குள் பேசி, வேறு குதிரையும் துப்பாக்கியும் கொடுத்தார்கள். வேட்டைக் காலம் முடிந்து முகாம்கள் சிதறிப்போனதும் இந்த அதிகாரமும் கலைந்துவிடும்.

எத்தியோப்பியாவின் போரானா ஒரோமோ மக்களின் ‘கடா’ முறையில் தலைமை எட்டு வருடத்துக்கு ஒருமுறை அடுத்த கடா குழுவினரின் கைக்கு மாறியே ஆக வேண்டும். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இறங்கத்தான் வேண்டும். 2016இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது.

பெண்களுக்கு என்ன இடம்?

ஒரே பதில் கிடையாது. வட அமெரிக்காவின் ஹோடெனோசௌனி (இரோக்வா) கூட்டமைப்பில் தலைவர்கள் ஆண்கள்தான், ஆனால் அவர்களைப் பொறுக்கியெடுப்பவர்கள் குலத்தாய்மார்கள். தலைவர் தடம் மாறினால் எச்சரிப்பதும், கேட்காவிட்டால் பதவிச் சின்னமான மான்கொம்பைக் கழற்றுவதும் அவர்கள் உரிமை. சோளக் களஞ்சியம் அவர்கள் கையில் இருந்தது. போருக்குப் பிடிக்காவிட்டால் வழிச்சாப்பாடு கட்டித்தர மாட்டார்கள்.

மறுபக்கம் பாப்புவா நியூகினியின் பாருயா மக்கள். அங்கே ஆண்களுக்குள் தலைவன் தொண்டன் வித்தியாசம் குறைவு. ஆனால் பையன்களை ஒன்பது வயதுவாக்கில் தாயிடமிருந்து பிரித்து ஆண்கள் வீட்டில் வருடக்கணக்கில் வளர்ப்பார்கள். பெண்களுக்குமேல் ஆண்களை நிறுத்துவதே அந்த வளர்ப்பின் சாரம். ஆக, ‘சமத்துவச் சமூகம்’ என்று யாராவது எழுதினால், யார் யாருக்கு நடுவில் என்று கேட்பது நல்லது.

காலனி அரசு வந்ததும் என்ன ஆயிற்று?

தலைவர் இல்லாத ஊரில் யாரிடம் வரி வசூலிப்பது, யாரைக் கூப்பிட்டு மிரட்டுவது? அதனால் தலைவர்களைத் தயார் செய்தார்கள். தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ ஊர்களில் பிரிட்டிஷார் ஆளைப் பிடித்து, கையில் ஓர் ஆணைத்தாளைக் கொடுத்து, ‘நீதான் தலைவன்’ என்றார்கள். ‘வாரண்ட் தலைவர்கள்’ என்றே பெயர். முன்பு ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் பேசித் தீர்த்ததை இவர்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து லஞ்சம் வாங்கித் தீர்த்தார்கள்.

1928இல் ஆண்கள்மீது வரி வந்தது. 1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில் கணக்கெடுக்க வந்தவர், பனையெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ந்வான்யெருவா என்ற பெண்ணிடம் ஆடுகளையும் ஆட்களையும் எண்ணச் சொன்னார். ‘உன் அம்மாவை எண்ணினார்களா?’ என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டார். கைகலப்பானது. அடுத்து பெண்களுக்கும் வரி என்று செய்தி சந்தை சந்தையாகப் பரவியது.

இக்போ பெண்களிடம் இதற்கென்றே ஒரு பழைய வழக்கம் இருந்தது. மனைவியை அடிப்பவன், சந்தை விதியை மீறுபவன் வீட்டு முன்னால் கூட்டமாகப் போய், இரவுபகலாகக் கொச்சையாகப் பாடி ஆடி, உலக்கையால் சுவரை இடித்து, அவன் மன்னிப்புக் கேட்கும்வரை நகர மாட்டார்கள். அதையே இப்போது வாரண்ட் தலைவர்களின் வீடுகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கில் திரண்டார்கள், தலைவர்களின் தொப்பியைப் பிடுங்கினார்கள், நீதிமன்றக் கட்டடங்களை எரித்தார்கள். படை சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அதன்பின் 1930களில் வாரண்ட் தலைவர் முறையைக் கைவிட்டுவிட்டார்கள். பிரிட்டிஷ் ஆவணங்களில் இதற்கு ‘கலவரம்’ என்று பெயர். அந்தப் பெண்களைக் கேட்டால் ‘போர்’ என்பார்கள்.

எதிர்ப்பு என்றாலே கிளர்ச்சிதானா?

அதிகம் நடந்தது நழுவல்தான். தென்கிழக்கு ஆசிய மலைகளில் வாழும் பல மக்கள், கீழே நெல்வயல் அரசுகளின் வரிக்கும் கட்டாய வேலைக்கும் தப்பி மேலே ஏறியவர்கள் என்றொரு வாதம் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை வரி வசூலிப்பவர் வந்து எண்ண முடியாது. நெல்லை எண்ணலாம். வாதம் எல்லா மலைக்கும் பொருந்தாது, ஆனால் நிறைய இடங்களுக்குப் பொருந்துகிறது. பழனி மலைப் பக்கம் வாழும் பளியர்கள் சச்சரவு முற்றினால் ஒருவர் இடம் பெயர்ந்து போய்விடுவதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள்.

மறைந்து செய்வதும் உண்டு. வடமேற்குக் கடற்கரை மக்கள் பரிசுகளை வாரி வழங்கும் ‘பாட்லாட்ச்’ விழாவைக் கனடா 1885 முதல் 1951 வரை தடைசெய்தது. விழா நிற்கவில்லை. அதிகாரிகள் எளிதில் வர முடியாத தீவுகளிலும் குளிர்காலத்திலும் ஒளித்து நடந்தது. 1921இல் ஒரு பெரிய விழா பிடிபட்டு, பலர் சிறைக்குப் போனார்கள், முகமூடிகள் பறிபோயின.

தலைவர்களே இல்லாத மக்கள் திடீரென்று ஒரே ஆளின் பின்னால் திரள்வது எப்படி?

பெரும்பாலும் அந்த ஆள் தீர்க்கதரிசியாக வருகிறார். ஊர்த்தலைவரின் சொல் ஊரோடு நிற்கும், தெய்வத்தின் பெயரால் பேசுபவரின் சொல் எல்லை தாண்டும். நூயர்களிடையே ஙுன்டெங் அப்படி எழுந்தார். அவர் மகன் குவெக்கை 1929இல் பிரிட்டிஷ் படை கொன்றது. சோட்டா நாக்பூரின் முண்டாக்களிடையே 1875இல் பிறந்த பிர்சா, முதலில் நோய் தீர்ப்பவராகவும் பின்பு ‘பூமியின் தந்தை’யாகவும் அறியப்பட்டார். 1899 கடைசியில் அவர் தலைமையில் தொடங்கிய ‘உல்குலான்’ என்ற கிளர்ச்சி சில வாரங்களில் நசுக்கப்பட்டது. அவர் 1900 ஜூன் 9 அன்று ராஞ்சி சிறையில் இறந்தார். 1908இல் வந்த நிலச்சட்டம் முண்டாக்களின் நிலம் வெளியார் கைக்குப் போவதைக் கட்டுப்படுத்தியது.

இதெல்லாம் ஆதிமனிதன் வாழ்ந்த விதம்தானே?

இல்லை. இவர்கள் அனைவரும் நம் காலத்தவர்கள், பேரரசுகளோடும் சந்தைகளோடும் மோதியும் பழகியும் வந்தவர்கள். பழங்கால வாழ்க்கைக்குச் சில தடயங்களை இவர்களிடமிருந்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

இன்றைக்கு இது எங்கே உயிரோடு இருக்கிறது?

ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் (அலுமினியத் தாது) வெட்ட ஒரு பெரிய நிறுவனம் வந்தது. அந்த மலை டோங்ரியா கோந்த் மக்களின் தெய்வம் நியமராஜாவின் இடம். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில், முடிவைக் கிராம சபைகளிடமே கேட்கச் சொன்னது. பன்னிரண்டு கிராமங்களை அரசு தேர்ந்தெடுத்தது. எல்லாம் சின்னச் சின்ன ஊர்கள். ஒரு நீதிபதி முன்னிலையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஒவ்வொரு கிராமமாகக் கூட்டம் நடந்தது, ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். மொத்த மலைக்கும் சேர்த்துப் பேச ஒரே தலைவர் இருந்திருந்தால் அவரோடு மட்டும் பேரம் பேசியிருக்கலாம். இங்கே பன்னிரண்டு கிராமங்களையும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன.